குறுக்குக் காற்றில் ஒரு நாற்காலி

அத்தியாயம் 11

ஜன்னலை மூடியது ஜிவான்தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. சும்மா மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. தாழ்ப்பாள் தளர்ந்த இரண்டாவது ஜன்னல் மறுபடி திறந்துகொள்ளக் கூடாதே என்று, வாசலில் கொடுத்த ‘பல்கலைக்கழகத் திறந்த நாள், அனைவரும் வருக’ என்ற துண்டுப் பிரசுரத்தை எட்டாக மடித்து இடுக்கில் ஆப்பு வேறு வைத்தார். பிறகு, ஒரு நல்ல காரியம் செய்த மனிதரின் முகத்தோடு கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் பல்கலைக்கழகமே காலியானது.

நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் என்ன தப்பு? மாடியில் நீளமான கூடம். இந்தக் கோடியில் ஒரு ஜன்னல், அந்தக் கோடியில் ஒரு ஜன்னல். இரண்டும் ஆவென்று திறந்து கிடக்கின்றன. நடுவே நாற்காலி போட்டுப் பொதுஜனம். ஒரு வழுக்கைத் தலையர், தொப்பி இல்லாமல். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை, குல்லாய் இல்லாமல்! மே மாதத்துக் காற்று ஒரு பக்கம் நுழைந்து, எல்லார் பிடரியையும் தடவிப் பார்த்துவிட்டு, மறுபக்கம் போகிறது.

எங்கள் நீஷ் நகரத்தில் திருடனைக்கூட வீட்டுக்குள் விடுவார்கள், ப்ரோமாயாவை விடமாட்டார்கள். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் குறுக்குக் காற்றுக்குத்தான் அந்தப் பெயர். கழுத்துப் பிடிப்பு, காது குடைச்சல், வாய்க் கோணல், வயிற்று உப்புசம், கல்யாணத் தடை எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம் என்பது செர்பியாவில் பிறந்த எவருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டப்படும் ஞானம்.

ஜிவான் ஊர் பூராவுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை இறக்காமலே கற்றுக்கொடுத்தவர். ஆகஸ்ட் வெயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்து வேர்த்துத்தான் பாதி ஊர் லைசென்ஸ் வாங்கியது. அப்படிப்பட்டவர் திறந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாரா?

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஜன்னல்களை யாரும் மறதியாகத் திறந்து போடவில்லை. அந்தக் காற்றுதான் கண்காட்சி.

கூடத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடும்போது காலடியில் புகை விடுவார்களே, அந்த ரகம். ஜன்னல்கள் திறந்திருந்தவரை அதிலிருந்து புறப்பட்ட வெண்புகை நூலாக இழைந்து, நாற்காலிகளின் மேலாகத் தவழ்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னல் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. காற்று எப்படி நடக்கிறது என்று கண்ணுக்குக் காட்டும் ஏற்பாடு. ஏற்பாடு செய்தவள் ஜிவானின் ஒரே மகள் நெவேனா. அவள் அப்போது கீழே வாசலில், டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பேராசிரியை பிர்கிட்டேயை வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் மூடியதும் புகைக்குப் போக்கிடம் இல்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு கூரையைப் பார்த்து எழும்பியது. கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவியோ கடமை தவறாத கருவி.

மணி அலறியதும் ஜிவானின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆள் ஓய்வு பெற்றாலும் கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஏது பிரேக்? மொத்தக் கூட்டமும் படிக்கட்டில் திமுதிமுவென்று இறங்க, நெவேனாவும் பிர்கிட்டேயும் எதிரே ஏற, நடுப்படியில் ஜிவான் மகளைப் பார்த்துக் கையசைத்தார்.

“பயப்படாதடா! குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. நான் கரெக்டான நேரத்துக்கு வந்துட்டேன்!”

*

அவர் அங்கே வந்ததற்குக் காரணம் ஜன்னல் அல்ல. போன வாரம் லிஃப்டில் ஸோர்கா போட்ட குண்டு.

மூன்றாம் மாடி ஸோர்காவின் மகன் ஆஸ்திரியாவில் குடியேறிவிட்டான். அன்றிலிருந்து மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கேயாவது போய்விட வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிப் பிரார்த்திக்கிறவள் அவள். “என்ன ஜிவான், பொண்ணு நார்வேக்குப் போகுதாமே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள். லிஃப்ட் கதவு மூடியது. ஜிவான் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் உள்ளேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி தெசாங்காவைக் கேட்டார். “சூப்பு ஆறுது” என்றாள்.

மகளைக் கேட்டார். “பாப்போம்ப்பா” என்றாள்.

மகளின் சிநேகிதியைத் தெருவில் மடக்கிக் கேட்டார். “அங்கிள், நீங்க ரொம்ப இளைச்சுட்டீங்களே” என்றது அந்தப் பெண்.

ஜிவானுக்குப் பொறுக்கவில்லை. நாற்சந்தியில் நிற்கிறவனைப் பார்த்து இடதா வலதா என்று கேட்டால் இடது என்று சொல்லலாம், வலது என்று சொல்லலாம். ‘பாப்போம்’ என்று சொன்னால் பின்னால் வருகிறவன் கதி என்ன? பெற்ற ஒரே பிள்ளை இந்த ஊரில் இருக்கப்போகிறதா, இல்லையா? பெற்றவனுக்கு இதைக்கூடச் சொல்லமாட்டார்களா? நேரே போய் முகத்துக்கு முகம் கேட்டுவிடுவது என்றுதான் இன்று கிளம்பினார். கூடவே தெசாங்கா, ஒரு தட்டு நிறைய கிபானிட்சாவோடு. ஆராய்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை இல்லாமல் எந்த வைபவத்துக்கும் போகிற பழக்கம் அவளுக்கில்லை.

*

புல்வெளியில் பல்கலைக்கழகம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பொங்குவதை நிறுத்தத் தெரியாத ஒரு நுரை ஜாடியை வேதியியல்காரர்கள் கட்டிப்பிடித்திருந்தார்கள். ஒருவர் தன் ரோபோ நாயை இடுப்பில் வைத்திருந்தார். மருத்துவப் பிரிவுக்காரர் எலும்புக்கூட்டைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழவர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டீன் கோஸ்தா ஒலிபெருக்கியோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“மாடிக் கூடத்து ஜன்னலை மூடுனது யாரு?”

ஜிவான் தன் செருப்பைப் பார்த்தார். செருப்பு அவரைப் பார்த்தது. கையைத் தூக்கினார்.

“மாஸ்டர்! நீங்களா?” டீனுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஜிவான்தான். சுலபத்தில் தேறவில்லை, அது தனிக் கதை. “ஏன் மாஸ்டர் மூடுனீங்க?”

“காத்து அடிச்சுது கோஸ்தா. ப்ரோமாயா.”

டீனின் கோபம் வந்த வழியே திரும்பிப் போனது. அவர் கை தன்னையறியாமல் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டது. “ஓ... அப்படியா சங்கதி” என்றார், ஒலிபெருக்கியிலேயே.

“அதானே!” என்றாள் தள்ளுவண்டித் தாய். “நானே எந்திரிச்சு மூடலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் படிச்சவங்களா உக்காந்திருக்காங்களேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

“எனக்கு இப்பவே காது குடையுது” என்றார் வழுக்கைத் தலையர்.

“புண்ணியவான்! நல்லா இருப்பய்யா நீ!” என்று யாரோ ஒரு பாட்டியம்மாள் தூரத்திலிருந்து சிலுவை போட்டாள்.

இவ்வளவு சுருக்கில் குற்றவாளி யாரும் வீரனாகியிருக்கமாட்டான். முதுகில் தட்டினார்கள். சிகரெட் நீட்டினார்கள். ஜிவானும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார், மகளின் முகத்தைப் பார்க்கும்வரை.

நெவேனா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி முடித்துவிடலாம். கிட்டே வந்து மெதுவாகத்தான் பேசினாள்.

“அப்பா, வாசல்ல பலகை வச்சிருந்தேனே. பாக்கலையா?”

“கண்ணாடி கொண்டு வரலடா.”

“‘காற்று ஓடும் அறை’ன்னு அவ்வளவு பெரிய எழுத்துல இருந்துச்சு.”

“ஓடுதுன்னுதானேடா நிறுத்துனேன்!”

நெவேனா கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

“ஸ்கூல்ல பசங்க மத்தியானமானா தூங்கி வழியறாங்கப்பா. ரூமுக்குள்ள காத்தே கிடையாது. யாராவது ஜன்னலத் திறந்தா டீச்சர் ஓடி வந்து மூடறாங்க. இந்தக் காத்து ஒடம்ப நெஜமாவே என்னதான் பண்ணுதுன்னு அளந்து பாக்கறதுதான் என் வேலை. கழுத்துல அளவு எடுக்கற ஒரு வில்லைய ஒட்டிக்கிட்டு அதுல கொஞ்ச நேரம் உக்காரணும், அவ்வளவுதான். ரெண்டு வருஷமாத் தேடறேன், ஊர்ல வயசுல பெரியவங்க ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. காலேஜ் பசங்க வந்தாங்க, அதுவும் திங்கறதுக்கு புரெக் வாங்கித் தரேன்னு சொன்னதால. இன்னிக்குக் கூட்டம் வரும், புகை போறதக் கண்ணால பாத்தா பயம் தெளிஞ்சு யாராவது உக்காருவாங்கன்னு நெனச்சேன். வில்லை ஒட்டறதுக்குள்ள உக்காந்தவங்களும் எந்திரிச்சாச்சு. பிர்கிட்டே அதைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க. மத்தியானம் கிளம்பிடுவாங்க.”

“பாத்தா?”

“பாத்தா அங்க எனக்கு ஒரு எடம். ஆளே உக்காராத ஊர்ல என்ன ஆராய்ச்சி பண்ணிக் கிழிக்கறன்னு தோணிட்டா, இல்ல.”

“எடம் குடுத்தா... போயிடுவியாடா?”

“பாப்போம்ப்பா” என்று சொல்லிவிட்டு நெவேனா மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த பிர்கிட்டே அம்மாள் அப்போதுதான் ஜிவானின் கண்ணில் சரியாகப் பட்டாள். நெடுநெடுவென்று உயரம். ஹோட்டலில் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமலே வந்திருந்தாள். ஈரக் கூந்தல் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்துப் பெண்கள் அவளைப் பார்த்த பார்வை, மாடி விளிம்பில் நடக்கும் குழந்தையைப் பார்க்கும் பார்வை.

“பாவம், பெத்தவ சொல்லிக் குடுக்கல” என்றாள் ஒருத்தி.

*

தெசாங்கா கணவனை மர நிழலுக்கு ஒதுக்கிக்கொண்டு போனாள். ஒரு கையில் தட்டு, மறு கை இடுப்பில்.

“ஏன்யா, உள்ளதச் சொல்லு. வேணும்னுதானே மூடுன?”

“குழந்தைடி தெசாங்கா! தலைல குல்லாகூட இல்ல.”

“அவ போகக் கூடாதுன்னுதானே?”

“அப்ப போறாளா?”

“கிபானிட்சா ஆறுது” என்று தெசாங்கா நகர்ந்துவிட்டாள்.

ஜிவான் தனியாக நின்றார். விஷயம் இப்போது தெளிவாகத்தான் இருந்தது. மாடியில் யாரும் உட்காரமாட்டார்கள். பிர்கிட்டே அம்மாள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவாள். நெவேனா இங்கேயே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாள், உப்பு ஜாஸ்தி என்பாள், அப்பாவின் காரை ‘இது காரா, அலமாரியா’ என்பாள். அதற்காக ஜிவான் செய்யவேண்டிய காரியம் ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். உலகத்தில் இவ்வளவு சுலபமான வேலை உண்டா?

அந்தச் சுலபமான வேலையைச் செய்ய முடியாமல் அவர் மாடிப் படி ஏறினார்.

அபாயமணி ஓய்ந்து கூட்டம் உள்ளே திரும்பியிருந்தது. ரோபோ நாயைச் சுற்றி ஒரு கும்பல். எலும்புக்கூடு பழைய இடத்தில். கூடத்தில் மட்டும் வரிசையாகக் காலி நாற்காலிகள். நெவேனா ஜன்னல்களை மறுபடி திறந்துவைத்து, புகைப் பெட்டியை முடுக்கிவிட்டு, வாசலில் நின்று சந்தையில் தக்காளி விற்பவள் மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க! கொஞ்ச நேரம்தான், உக்காந்து பாருங்க!”

“அடுத்த தடவை வரேன் கண்ணு” என்று நழுவினார் வழுக்கைத் தலையர். தள்ளுவண்டித் தாய் அந்த வாசல் வந்ததும் வண்டியை எதிர்ச்சுவரோடு ஒட்டித் தள்ளிக்கொண்டு போனாள். பிர்கிட்டே அம்மாள் உள்ளே ஜன்னலோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நெவேனா சிரித்தபடியே இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்திவைக்க அவள் படும் பாடு பெற்றவருக்குத் தெரிந்தது.

“இதுல காத்து நல்லா அடிக்கிற நாற்காலி எது?” என்றார் ஜிவான்.

“அப்பா?”

“எதுன்னு கேட்டேன்.”

“நடுவுல இருக்கறது. ஆனா அப்பா, நீ...”

ஜிவான் நடு நாற்காலிக்குப் போய் நின்றார். மே மாதத்திலும் கழற்றாத கழுத்துத் துணியை ஒரு சுற்று அவிழ்த்தார். இன்னொரு சுற்று அவிழ்த்தார். பல வருஷம் வெயிலே பார்க்காத பிடரி, உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வந்தது. உட்கார்ந்தார்.

வாசலில் சேதி பரவியது. ரோபோ நாயைத் தனியாக விட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“மாஸ்டர், வேணாம்!” என்றார் டீன்.

“பென்ஷன் வாங்கி ஒரு வருஷம் அனுபவிச்சியாய்யா? குடும்பத்த நெனச்சுப் பாரு!” என்றாள் பாட்டியம்மாள்.

பீர் குடித்த கிழவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன குப்பியை எடுத்தார். “வீட்டுல காச்சின ப்ளம் ராக்கியா. மொதல்ல கழுத்துல தேய்ச்சுக்கச் சொல்லு.”

“தேய்க்கக் கூடாது, அளவு கெட்டுடும்” என்றாள் நெவேனா.

“அப்பக் குடிக்கலாமா?”

“அதுவும் கூடாது.”

“இதென்ன விஞ்ஞானம்!” என்று கிழவர் குப்பியைத் தானே காலி செய்தார்.

நெவேனா அப்பாவின் பிடரியில் வில்லையை ஒட்டினாள். விரல் சில்லென்று இருந்தது. மேஜையில் இருந்த திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்க பிர்கிட்டே நேரே காற்றின் பாதைக்குள் நடந்து வந்து, ஈரத் தலையோடு ஜிவானின் எதிரே குந்தினாள். கூட்டம் ‘ஹா!’ என்று மூச்சை இழுத்தது.

ஜிவானால் தாங்க முடியவில்லை. தான் சாவது வேறு. வந்த விருந்தாளி சாவது வேறு. மடியில் இருந்த கழுத்துத் துணியை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டார். அந்த அம்மாள் அதை ஏதோ பரிசு என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். தலையில் சுற்றவில்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று கூட்டம் கைதட்டியது.

ஜிவான் கண்ணை மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தார்.

வரவில்லை. காற்று வந்தது. பிடரியில் பட்டது, காது மடலைத் தொட்டது, தாண்டிப் போனது. மறுபடி வந்தது. ஒத்துக்கொள்ள அவமானமாக இருந்தது. ஆனால் சுகமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஆகஸ்ட் வெயிலில் மூடிய காருக்குள் வெந்ததை நினைத்தபோது, அவருக்கு ஊர்மேல் கோபமே வந்தது.

“கோஸ்தா!” என்றார் கண்ணைத் திறக்காமலே. “வா, வந்து உக்காரு.”

“மாஸ்டர், எனக்கு நாளைக்கு மீட்டிங்...”

“பிரேக்க விட்டுட்டு ஆக்ஸிலேட்டர மிதிச்சு ரொட்டிக் கடைக்குள்ள வண்டிய விட்டியே, அந்தக் கதைய இவங்களுக்குச் சொல்லவா?”

டீன் வந்து உட்கார்ந்தார். டீனே உட்கார்ந்த பிறகு வழுக்கைத் தலையருக்கு ரோஷம் வந்தது. பிறகு கிழவர், ராக்கியா தந்த துணிச்சலில். பிறகு பாட்டியம்மாள், “எனக்கினி என்ன, கட்டையில போறவதானே” என்று. ஒரு வரிசை நிறைந்தது. எல்லாரும் விமானம் கிளம்பப்போவது போல நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்திருந்தார்கள். தள்ளுவண்டித் தாய் மட்டும் வாசலிலேயே நின்று, “நான் இங்கேருந்து உங்களுக்காக வேண்டிக்கறேன்” என்றாள்.

நெவேனா வில்லையும் கையுமாக ஓடினாள். பிர்கிட்டே அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். நெவேனாவை ஜன்னலோரம் கூப்பிட்டு ஏதோ நீளமாகச் சொன்னாள். பிறகு அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள்.

அதை ஜிவான் ஓரக்கண்ணால் பார்த்தார்.

நெவேனா வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். “தலைய அசைக்காத. கோடு ஆடுது.”

“அந்த அம்மா என்னடா சொல்லுச்சு?”

“நான் ஒண்ணு கேக்கறேன், மொதல்ல நீ சொல்லு.” குரல் பின்னாலிருந்து வந்தது; முகம் தெரியவில்லை. “வேணும்னு மூடுனியாப்பா?”

முகம் தெரியாததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார் ஜிவான். எதிரே வெண்புகை நிதானமாக ஜன்னலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

“குழந்தைக்காகத்தாண்டா மூடுனேன். சத்தியமா.” புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா நீ பாப்போம்னு சொல்லிட்டு மாடிக்குப் போனப்ப, எல்லாம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்ப... கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு.”

வில்லை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஆனாலும் நெவேனாவின் விரல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது.

“இப்ப நீ சொல்லு” என்றார். “பாப்போம்னு மட்டும் சொல்லாத.”

“போறேன்ப்பா. செப்டம்பர்ல. மூணு வருஷம். இப்பத்தான் சரின்னு சொன்னாங்க.”

சுற்றி வளைக்கவில்லை. சூப்பு ஆறவில்லை. யாரும் இளைக்கவில்லை. வலித்தது, ஆனால் எங்கே வலிக்கிறது என்று தெரிந்த வலி. லிஃப்டுக்குள் நின்ற நாளிலிருந்து முதல் தடவையாக ஜிவான் முழு மூச்சு விட்டார். திரையில் பச்சைக் கோடு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

“நார்வேயா?”

“டென்மார்க்.”

“ஸோர்காவுக்கு எதுதான் உருப்படியாத் தெரிஞ்சிருக்கு!”

நெவேனா சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தது. பக்கத்து மேஜையில் தெசாங்கா கிபானிட்சாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திரும்பாமல் இருக்கும்போதுதான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்நிய ஊர். குளிர். ஈரத் தலையோடு திரியும் ஜனங்கள். அங்கே இவள் ஒருத்தி, ராத்திரியில் வேலை முடிந்து இருட்டில் நடந்து வருவாள்.

“தனியாவாடா போகப்போற?”

தெசாங்காவின் கத்தி பாதி அடையில் நின்றது.

“இல்லப்பா” என்றாள் நெவேனா.